ஒரு கிளிப் குறைகிறது

ஆகஸ்ட் 5, திங்கள்

காரின் நான்கு கதவுகளிலும் பட்டியைக் கழற்றிவிட்டேன். கண்ணாடி ஏறி இறங்கும் இடத்தில், வெளிப்பக்கமாகக் கதவின் நீளத்துக்கு ஓடுமே, அந்த எவர்சில்வர் பட்டி. அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் கிளிப் ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவுதான். முன் கதவுக்கு ஏழு, பின் கதவுக்கு ஐந்து, மொத்தம் இருபத்து நான்கு. தொட்டதும் உதிர்ந்தன. ஐம்பது வயது தாண்டிய ஃபியட்டில் துருப்பிடிக்காமல் வேறென்ன செய்யும்?

"ஏனுங்க, ஓடிட்டுத்தான இருந்துச்சு? இப்ப எதுக்குக் கழட்டிப் போட்டீங்க?" என்றாள் பூங்கொடி.

காரணம் அவளுக்கும் தெரியும். முப்பதாம் தேதி வெள்ளிக்கிழமை மைசூரில் தாரணி வீட்டுப் புதுமனை புகுவிழா. இருபத்தொன்பது விடியற்காலை ஐந்தரைக்கு நானும் இவளும் காரில் கிளம்புகிறோம். சத்தியமங்கலம், பண்ணாரி, அப்புறம் திம்பம் மலைப்பாதை, இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. போன முறை மலையேறும்போது காற்றில் பட்டி எழும்பி டபடபவென்று அடித்தது. பெற்ற மகளின் புது வீட்டு வாசலில் தகரக் கடை மாதிரிச் சத்தம் போட்டுக்கொண்டு போய் நிற்க என்னால் முடியாது.

மாப்பிள்ளை போன வாரம், "மாமா, நான் வேணா இங்கிருந்து வண்டி அனுப்பட்டுங்களா?" என்று கேட்டார். என்னிடம் வண்டி இல்லையா? நல்ல பையன்தான். ஆனாலும் கேட்டிருக்க வேண்டாம்.

இன்னொரு தலைவலி. கழற்றிய பட்டி நான்கும் வளைந்திருக்கின்றன. நடுவில் பாம்பு நெளிந்த மாதிரி. நகைக்கடைக்காரன் கொடுத்த இந்த டைரியும் அப்படித்தான். பக்கத்துக்கு இருபத்தைந்து கோடு, ஒன்றுகூட நேராக இல்லை. ஒரு கோடு நேராகப் போட வக்கில்லாதவனுக்கு அச்சாபீஸ் எதற்கு?

ஆகஸ்ட் 7, புதன்

ஆவாரம்பாளையத்தில் கோவர்த்தனன் பட்டறைக்குப் போனேன். ஸ்பிரிங் செய்கிற பட்டறை. நெசவு இயந்திரத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் நான் தர ஆய்வாளனாக இருந்தபோது எங்களுக்குச் சரக்கு கொடுத்தவர். அவருடைய சரக்கை எத்தனை முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. இருந்தும் போனதும் எழுந்து நிற்கிறார்.

பழைய கிளிப்பில் உடையாத ஒன்றைக் காட்டினேன். இதே மாதிரி இருபத்து நான்கு, கூடுதலாக இரண்டு. சனிக்கிழமை தருகிறேன் என்றார். பிறகு பட்டியைக் கொடுத்து நிமிர்த்தச் சொன்னேன். கையில் வாங்கி, ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தார்.

"நேராத்தானுங்ணா இருக்குது."

"கோவர்த்தனா, எனக்கேவா?"

பட்டியைக் கொண்டுபோய்ச் சமதளம் பார்க்கிற இரும்புப் பலகையின் மேல் வைத்தார். அடியில் தலைமுடி கனத்துக்கு ஒரு தகட்டை நுழைத்துப் பார்த்தார். முனையிலிருந்து முனை வரை எங்கேயும் நுழையவில்லை. தகட்டை என்னிடம் கொடுத்தார். நானும் முயன்றேன். நுழையவில்லை.

"அப்படின்னா உன்ற பலகை தேஞ்சு போச்சு. சீவிப் போடு" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. சுருங்கட்டும்.

வரும் வழியில் பார்த்தால் மின்கம்பங்கள்கூட இடுப்பில் வளைந்திருக்கின்றன. இப்போதெல்லாம் யாரும் எதையும் ஒழுங்காகச் செய்வதில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

மூக்குக்கண்ணாடியின் திருகு தளர்ந்திருந்தது. அதைச் சரிசெய்யப் போனவன், அருகிலேயே கண் ஆஸ்பத்திரி இருந்ததால் சும்மா எட்டிப் பார்த்தேன்.

எட்டிப் பார்த்ததற்கு மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். சொட்டு மருந்து, வெளிச்சம், படம். டாக்டர் சின்னப் பெண், தாரணியைவிட இளையவள். கட்டம் போட்ட ஓர் அட்டையைக் கையில் கொடுத்து, "நடுவுல இருக்கற புள்ளிய மட்டும் பாருங்க சார். கோடெல்லாம் நேரா தெரியுதுங்களா?" என்றாள். அவர்கள் அட்டையும் அந்த டைரி அச்சடித்தவனிடமே அடித்தது போலிருக்கிறது. நடுப் புள்ளியே இல்லை. அதையும் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. வலது கண்ணின் நடுவில், பின்புறத் திரையில் நீர் கசிந்திருக்கிறதாம். கண்ணுக்குள் ஊசி போட வேண்டுமாம். இந்த வாரமே போட்டால் நல்லதாம், தள்ளிப்போட்டால் போன பார்வை திரும்பாதாம். இடது கண்ணைப் பற்றிக் கேட்டாள். தொண்ணூற்று நான்கில் கடைசல் இயந்திரத்திலிருந்து இரும்புத் துகள் தெறித்ததிலிருந்து அது வெறும் அலங்காரத்துக்குத்தான் என்றேன்.

"அப்படின்னா நீங்க வண்டி எடுக்கவே கூடாது சார்."

முப்பதாம் தேதி விழா முடியட்டும். முப்பத்தொன்றாம் தேதி வந்து போட்டுக்கொள்கிறேன். மூன்று வாரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது? திம்பம் ரோடு எனக்கு மனப்பாடம். சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். பூங்கொடியிடம் சொல்லவில்லை. சொன்னால் மாப்பிள்ளையின் வண்டி வந்து நிற்கும்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பூங்கொடி இன்று முழுவதும் சரியாகப் பேசவில்லை. மூன்று வாளித் துணி துவைத்திருக்கிறாள், அந்தக் களைப்பாக இருக்கும்.

ஆகஸ்ட் 10, சனி

கிளிப்புகள் வந்துவிட்டன. இருபத்தாறு. கோவர்த்தனன் வேலை அருமை. ஒரு கால் கதவு விளிம்பில் இருக்கிற ஓட்டையில் நுழையும், மற்றது பட்டியைக் கவ்வும். கவ்வுகிற காலில் சின்னதாக ஒரு பல் உண்டு. தலைகீழாக மாட்டினால் அன்றைக்கு நிற்கும், மறுநாள் கதவுக்குள் விழுந்துவிடும். பல் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டியதில்லை, விரல் நுனியிலேயே தெரியும்.

பூங்கொடியின் டிபன் பாக்ஸ் மூடியில் போட்டு வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஓட்டுநர் பக்க முன் கதவு முடிந்தது. ஏழு கிளிப். காலையில் உட்கார்ந்தவன் சாப்பிடத்தான் எழுந்தேன். முன்பென்றால் அரைமணி நேர வேலை. வெளிச்சம் போதவில்லை. ஓட்டை இருக்கிற இடத்தைப் பார்த்தால் ஓட்டை ஓடிவிடுகிறது. வேறெங்காவது பார்த்தால் வந்து நிற்கிறது. குழந்தை ஒளிந்து விளையாடுகிற மாதிரி.

செய்தவனே தன் வேலையைப் பாஸ் போடக் கூடாது என்பது எங்கள் தொழிற்சாலைச் சட்டம். அதனால் பூங்கொடியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லாருக்குதுங்க" என்றாள். பட்டியை எங்கே பார்த்தாள்? என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

மூடியில் பத்தொன்பது இருக்க வேண்டும். பதினாறுதான் இருக்கின்றன.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

நேற்றும் இன்றும் தேடினேன். கார் நிறுத்துமிடத்தைப் பெருக்கி, குப்பையைச் சல்லடையில் சலித்துப் பார்த்தாயிற்று. காந்தம் கட்டிய குச்சியைத் தரை முழுக்க இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு ஆணியும் ஒரு ஹேர்பின்னும் வந்தன.

பூங்கொடியும் கூடவே தேடினாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இவள் சாதாரண ஆள் இல்லை. ஒரு தடவை தாரணியின் மூக்குத்தித் திருகாணி கல்யாண மண்டபத்தில் விழுந்தது. எழுநூறு பேர் மிதித்துப் போன தரையில் குனிந்து ஒரே நிமிடத்தில் எடுத்தவள். இப்போது மூன்று கிளிப் கிடைக்கவில்லை என்கிறாள். அவளுக்கும் வயதாகிறது.

"தவறிப்போயிருக்குமுங்க. உடுங்க" என்றாள்.

கைதவறிப் போடுகிறவனா நான்?

ஆகஸ்ட் 15, வியாழன்

இடது முன் கதவும் வலது பின் கதவும் முடிந்தன. விடுமுறை நாள், தெருவில் பள்ளிக்கூடக் கொடியேற்றப் பாட்டு. மிச்சம் இடது பின் கதவு மட்டும். அதற்கு ஐந்து வேண்டும், கையில் இருப்பது நான்கு. ஒன்றே ஒன்று குறைகிறது. எரிச்சலில் மூடியைத் தூக்கி எறிந்தேன். பூங்கொடி பொறுக்கிக்கொண்டு போனாள். அதிலும் ஒன்று போயிருக்கும் என்று நினைத்தேன். எண்ணினால் நான்கு சரியாக இருந்தது.

ஒன்றில்லாமலே மாட்டிவிடலாமே என்று பக்கத்து வீட்டு முருகேசன் யோசனை சொல்கிறார். அவர் வீட்டுக் கதவில் தாழ்ப்பாளுக்குப் பதில் கயிறு கட்டியிருக்கிறது. அவரிடம் என்ன பேசுவது? நடுக் கிளிப் இல்லாவிட்டால் பட்டி அங்கேதான் முதலில் எழும்பும். ஒன்று குறைந்தால் அது முடிந்த வேலை அல்ல. முடியாத வேலையை நான் வாசல் தாண்ட விட்டதே இல்லை. பூங்கொடிக்கு இது நன்றாகவே தெரியும். கல்யாணமான புதிதில் ஒரு திருகு கிடைக்கவில்லை என்று பழனிக்குப் போகிற பயணத்தையே நிறுத்தியவன் நான்.

கோவர்த்தனனிடம் இன்னும் ஆறு கேட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 17, சனி

தாரணி போன் செய்தாள். "அப்பா, பேசாம பஸ்ஸுல வந்துருங்களேன். அம்மா பாவம்ல, அந்த வண்டில இடுப்பு ஒடிஞ்சுரும்" என்றாள். இவள் பள்ளிக்கூடம் போனது அந்த வண்டியில்தான். அப்போது யாருக்கும் இடுப்பு ஒடியவில்லை.

"யாரு உனக்கு இப்படிச் சொல்லச் சொன்னது?"

"யாரும் இல்லப்பா" என்று அவசரமாகச் சொன்னாள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஆறு வந்தன. கையில் இருந்த நான்கோடு சேர்த்துப் பத்து. மூடியை நம்பாமல், கண்ணையும் நம்பாமல், ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி, பழைய மாத்திரை டப்பாவில் போட்டு மூடி அலமாரியில் வைத்தேன். பத்து. எழுதி வைக்கிறேன்: பத்து.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

நான்கு.

ஆகஸ்ட் 21, புதன்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

டப்பா மூடியிருந்தது. அலமாரி மூடியிருந்தது. உள்ளே நான்கு. பூனையோ எலியோ டப்பாவைத் திறந்து எடுத்துக்கொண்டு மறுபடி மூடி வைக்காது. அப்படியென்றால் நான் பத்து எண்ணவில்லை. நான்கைத்தான் பத்து என்று எண்ணியிருக்கிறேன்.

கண் தெரியாதது வேறு. அது ஒரு பாகம் பழுதாவது மாதிரி. இது அப்படி இல்லை. விரலால் தொட்டு எண்ணியது தப்பு என்றால், என்னிடம் எதுதான் மிச்சம்? தொழிற்சாலையில் கண்ணைக் கட்டிவிட்டு ஐந்து அளவு ஆணிகளைக் கையில் கொடுப்பார்கள். எது எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்வேன். எல்லோரும் வந்து வேடிக்கை பார்ப்பார்கள். அந்தக் கை இது.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

சாப்பிடும்போது பூங்கொடியிடம், "நான் எண்ணுனது பத்துதான், இல்ல?" என்றேன். அவள் அன்று பக்கத்தில் இருந்தாள். ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். "எனக்கு நெனவில்லீங்க" என்றாள். பிறகு முகம் கழுவப் போனவள் வெகுநேரம் வரவில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

காரின் பக்கமே போகவில்லை. பேப்பர் படித்தேன். தலைப்பு மட்டும்.

ஆகஸ்ட் 24, சனி

கோவர்த்தனனுக்குப் போன் போட்டேன். ஒரே ஒரு கிளிப் போதும் என்றேன்.

"கம்பி தீந்து போச்சுங்ணா."

"வாசல்ல ஒரு சுருள் முழுசா கெடந்துச்சே, போன தடவை பாத்தனே?"

"அது வேற கம்பிங்ணா."

பொய். முப்பத்தொரு வருடம் இந்த ஆளின் பொய்யைக் கேட்டவன் நான். பொய் சொல்லும்போது குரல் மெல்லியதாகிவிடும். ஏன் இதற்குப் போய்ப் பொய் சொல்ல வேண்டும்? பலகை தேய்ந்துபோச்சு என்று சொன்னது மனதில் இருக்கும்.

ஆகஸ்ட் 26, திங்கள்

முடிவு செய்துவிட்டேன். இருபத்து மூன்று கிளிப்போடு போகிறேன். நடுவில் நைலான் நூலால் இழுத்துக் கட்டிவிட்டால் மைசூர் வரை தாங்கும்.

இதை எழுதும்போதே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. ஆனால் எண்ணத் தெரியாமல் போனவனுக்குக் கௌரவம் என்ன வேண்டிக் கிடக்கிறது? கூப்பிட்டுச் சொன்னேன்: "ஒன்னு இல்லாட்டியும் போகுது. வியாழக்கிழமை வண்டிலதான் போறோம்."

பூங்கொடி மாவு சலித்துக்கொண்டிருந்தாள். சல்லடை நின்றுவிட்டது.

"ஒன்னு இல்லாமயா? நீங்களா?" என்றாள்.

"நானேதான்."

சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். மகிழ்ச்சியடைவாள் என்று நினைத்தேன். தலை சுற்றுகிறது என்றாள்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

பூங்கொடி ரவிக்கை வாங்கிவர டெய்லர் கடைக்குப் போயிருந்தாள். பட்டியைக் கட்ட நைலான் நூல் வேண்டும். அவளுடைய தையல் டப்பாவை எடுத்தேன். பழைய பிஸ்கட் டப்பா. நூல் எந்த நிறம் என்று பார்க்க முடியவில்லை என்பதால் கையை விட்டுத் துழாவினேன். பொத்தான், கொக்கி, ஊக்கு, டேப்பு. அடியில் ஒரு துணி முடிச்சு.

முடிச்சை அவிழ்க்கவே இல்லை. துணிக்கு மேலே தடவியதும் விரலுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை, குட்டைக் காலில் பல். எண்ணினேன். ஒன்பது. மூன்றும் ஆறும் ஒன்பது.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் சந்தோஷம்தான் வந்தது. நான் எண்ணியது சரி! பத்து என்றால் பத்து! எழுந்து நின்று கையைத் தட்டினேன். வீட்டில் யாருமில்லாமல் கிழவன் ஒருவன் தனியாகக் கைதட்டிக்கொண்டு நின்றேன். அப்புறம்தான் மற்றது உறைத்தது.

அவள் வந்தபோது முடிச்சு சாப்பாட்டு மேசை மேல் இருந்தது. பார்த்ததும் பையைக் கீழே வைத்தாள். மறைக்க முயலவில்லை.

"எப்பருந்து?" என்றேன்.

"ஒம்பதாந்தேதி துணி தொவைக்கறப்ப உங்க சட்டப் பையில ஆஸ்பத்திரி சீட்டு இருந்துச்சுங்க. மருந்துக்கடைப் பொண்ணுகிட்டக் குடுத்துப் படிக்கச் சொன்னேன். வண்டி ஓட்டக்கூடாதுன்னு கோடு போட்டு எழுதியிருக்குதுன்னா."

"என்னையக் கேக்க வேண்டியதுதான?"

"கேட்டா சொல்லியிருப்பீங்களா?"

சொல்லியிருக்க மாட்டேன். அதனால் சத்தம் போட்டேன்.

"அதுக்கு இப்படியா? ஒன்னு கொறஞ்சா நான் வண்டிய எடுக்க மாட்டன்னு கணக்குப் போட்டு, ஒவ்வொரு தடவையும் ஒன்னு மட்டும் கொறைய வெச்சிருக்கற! எனக்கு மூளை கலங்கிப் போச்சுன்னு நெனச்சனே புள்ள! எண்ணத் தெரியலன்னு நெனச்சேன். ஒரு வாரமா நான் என்ன பாடு பட்டேன்னு தெரியுமா?"

"தெரியுமுங்க" என்றாள். அழ ஆரம்பித்துவிட்டாள். "பத்துதான, பத்துதானன்னு கேட்டீங்க பாருங்க, அன்னைக்கே கொண்டாந்து குடுத்துரலாம்னு எந்திரிச்சேன். குடுத்தா வண்டிய எடுத்துருவீங்க. குடுக்காட்டி இந்த மனுசன் உள்ளுக்குள்ளயே செத்துருவாரு. எதப் பண்றதுன்னே தெரியலீங்க. கோவர்த்தனண்ணன்கிட்டயும் நான்தான் போன் பண்ணிக் கும்பிட்டுக் கேட்டேன், இனி செஞ்சு குடுக்காதீங்கன்னு."

தாரணியிடம் சொன்னாயா என்றேன். நோய் என்று சொல்லவில்லை, பஸ்ஸில் கூப்பிடு என்று மட்டும் சொன்னேன் என்றாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, முடிச்சை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள்.

"இந்தாங்க. எல்லாத்தையும் மாட்டுங்க. இனி நான் ஒன்னும் ஒளிக்க மாட்டேன், ஒன்னும் சொல்லவும் மாட்டேன். நாளன்னைக்கு முன்சீட்டுல உங்களோட உக்காந்துக்கறேன். எங்க கொண்டுபோய் நிறுத்தறீங்களோ நிறுத்துங்க."

"ஓட்டத்தான் போறேன்" என்றேன்.

"ஓட்டுங்க."

ஆகஸ்ட் 28, புதன்

இடது பின் கதவுக்கு ஐந்தையும் மாட்டினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மாட்டினேன். பட்டி ஓர் இழை அசையவில்லை. இருபத்து நான்கும் ஆகிவிட்டது. யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை.

பூங்கொடி சீர்த்தட்டுகளைக் கட்டி முடித்து எண்ணெய், காற்று எல்லாம் பார்த்தாயிற்றா என்று மட்டும் கேட்டாள். நேற்றிலிருந்து எங்களுக்குள் இவ்வளவுதான் பேச்சு. அவள் கோபமாக இருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். புதுப் புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியே போய்க் காரில் உட்கார்ந்தேன். எதிர்வீட்டுக் காம்பவுண்டுச் சுவரின் மேல் விளிம்பைப் பார்த்தேன். கொத்தனார் நூல் பிடித்துக் கட்டிய சுவர், நான்தான் பக்கத்தில் நின்றேன். நடுவில் உருகி வழிந்த மாதிரி இருக்கிறது. திம்பத்தில் தடுப்புச் சுவர் இதைவிடக் குட்டை.

ஓட்டுவேன் என்று சொல்லியாயிற்று.

ஆகஸ்ட் 29, வியாழன்

பண்ணாரி அம்மன் கோயில் எதிரே பஸ் நிற்கிறது. பூங்கொடி டீ வாங்கப் போயிருக்கிறாள். எழுத்து ஒன்றின்மேல் ஒன்று ஏறினாலும் இதை இப்போதே எழுதிவிட வேண்டும்.

காலை ஐந்தே காலுக்கெல்லாம் சாமான்களை ஏற்றிவிட்டோம். பூங்கொடி குளித்து, புதுப் புடவை கட்டி, பூ வைத்து, கற்பூரம் காட்டி, சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு முன்சீட்டில் போய் உட்கார்ந்தாள். மடியில் பால் காய்ச்சுகிற புதுப் பாத்திரம். சொன்ன சொல் மாறாமல் வாயைத் திறக்கவில்லை. வாசல் விளக்கைப் போட்டிருந்ததால் நல்ல வெளிச்சம்.

வண்டியைக் கிளப்பும் முன் ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பது என் வழக்கம். பின்னாலிருந்து சுற்றிக்கொண்டு வந்தேன். ஓட்டுநர் பக்க முன் சக்கரத்தருகே வந்து குனிந்து பார்த்தேன். பழம் இல்லை.

"இதுக்கு மட்டும் வெக்காம உட்டுட்ட பாரு" என்றேன்.

கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. பாத்திரத்தை சீட்டில் வைத்துவிட்டு இந்தப் பக்கம் வந்தாள். என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். என் வலது கையை எடுத்து, நான் பார்த்துக்கொண்டிருந்த அதே இடத்தில் வைத்தாள்.

குளிர்ச்சியாக, உருண்டையாக இருந்தது. பக்கத்தில் மஞ்சள் குங்குமம் ஈரமாக ஒட்டியது. கறுப்பு டயருக்கு முன்னால் மஞ்சள் பழம். இதைவிட எடுப்பாக இந்த உலகத்தில் எது இருக்க முடியும்? முகத்தைத் திருப்பினால் ஓரத்தில் மஞ்சளாகத் தெரிகிறது. நேரே பார்த்தால் தரை மட்டும்தான் இருக்கிறது.

எலுமிச்சம்பழம் இருக்கும் இடத்தில் ஓர் ஆள் நின்றிருக்கலாம். இரண்டு கொம்போடு மாடு நின்றிருக்கலாம். பஸ்ஸே நின்றிருக்கலாம். நான் ரோடு காலியாக இருக்கிறது என்று போயிருப்பேன், இவளும் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருப்பாள்.

எவ்வளவு நேரம் அப்படியே குனிந்திருந்தேன் என்று தெரியாது. அவள் கை என் கையின் மேலேயே இருந்தது.

"பூங்கொடி, எனக்குத் தெரியல புள்ள" என்றேன்.

"செரிங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். முருகேசனை எழுப்பி ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டு, ஏற்றிய சாமான்களை இறக்க ஆரம்பித்தாள். நானும் இறக்கினேன். ஆட்டோவில் வரும்போது, திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் ஊசிக்கு நேரம் வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னாள். எப்போது வாங்கினாய் என்று நான் கேட்கவில்லை.

இதோ, டீ வாங்கப் போகும் முன் அவளுடைய போன் அடித்தது. தாரணி. எடுத்துப் பேசாமல் என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள். அவளே சொல்லிவிடுவாள் என்று நான் நினைத்திருந்தேன்.

"அப்பா, எங்க வர்றீங்க? காரு மலை ஏறிருச்சா?"

"கார்ல வரல அம்மிணி. பஸ்ஸு."

"ஏம்ப்பா, வண்டிக்கு என்னாச்சு?"

வண்டிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. கிளிப் கிடைக்கவில்லை என்றுகூடச் சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பாள்.

"வண்டிக்கு ஒன்னுமில்ல. அது ஜோரா இருக்குது. எனக்குத்தான் கண்ணு தெரியல."

அந்தப் பக்கம் விழாவுக்கு வந்தவர்களின் பேச்சுச் சத்தம், பாத்திரச் சத்தம். முன்னால் நின்ற இன்னொரு பஸ்ஸின் ஓட்டுநர் ஹார்ன் அடித்துத் தன் ஆட்களைக் கூப்பிட்டார். பூங்கொடி இரண்டு கையிலும் டீயோடு வருகிறாளா என்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். புடவை நிறத்தை வைத்து டீக்கடையில் ஒருத்தி நிற்பது தெரிந்தது.

"நீங்க ஒன்னும் வெசனப்படாதீங்கப்பா" என்றாள் தாரணி. "மைசூர் பஸ் ஸ்டாண்டுல நானே வந்து நிக்கறேன்."

"நின்னா மட்டும் பத்தாது அம்மிணி. என்னையப் பாத்ததும் சத்தமாக் கூப்புடு. கூட்டத்துல உன்ற மொகம் எனக்குத் தெரியாது."

"செரிப்பா" என்றாள். இன்னும் இரண்டு முறை "செரிப்பா" என்றாள்.